பெற்றோரிடம் வகுப்புக்குப் பொருள் கேட்கும்போது செய்யக்கூடாதவை

கல்வியாண்டு தொடங்கியதும் புதிதாக வந்த ஆசிரியர்கள் பெற்றோருக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள். அதைப் படித்ததுமே எங்கே சிக்கல் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். எங்களைப் போன்றவர்கள் முன்பு செய்த அதே தவறுகள்தான். தேதி போட மறப்பது மாதிரியான சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

கொடுத்தவர் பெயரைச் சுவரில் ஒட்டுவது

இதை இன்றும் எங்கேயாவது பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஓர் இளம் ஆசிரியை அழகாக ஒரு சார்ட் செய்து மாட்டினார். வரிசையாகப் பிள்ளைகளின் பெயர்கள், பொருள் கொண்டுவந்தவர் பெயருக்கு நேரே தங்க நிற ஸ்டார். நன்றி சொல்லத்தான் நினைத்தார். சில நாள் கழித்து, படம் வரையும் நேரத்தில் எல்லாரும் ஸ்கெட்ச் பேனாவுக்குக் கை நீட்ட, ஒரு சிறுமி மட்டும் தன் பென்சிலாலேயே வானத்துக்கும் கருப்பு அடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "எனக்கு ஸ்டார் இல்லையே டீச்சர், நான் எடுக்கலாமா?" என்றாள். அப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. சார்ட்டைப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டது அது.

அதன்பிறகு அவள் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு வாசிப்பில் தடுமாற்றம் இருந்தது. வீட்டோடு பேச வேண்டிய நேரத்தில் பேச முடியவில்லை. நாலு பாக்கெட் ஸ்கெட்ச் பேனாவுக்கு இவ்வளவு பெரிய விலையா?

சார்ட் இல்லாமலும் இதே தவறு நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு நன்றி சொல்வது, கொண்டுவந்த பிள்ளைக்கு மட்டும் கைதட்டச் சொல்வது, "இன்னும் தராதவர்கள் கவனிக்கவும்" என்று நினைவூட்டுவது, எல்லாம் ஒரே ரகம்தான். கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதனால் நல்லது இல்லை. "இது எங்க அப்பா வாங்கித் தந்தது" என்று கலர் பென்சில் டப்பாவை அணைத்துக்கொண்டு, யாரையும் தொட விடாது.

என் வழி இதுதான். அறைக்கு வெளியே ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே உறையைப் பிரித்துப் பொதுத் தட்டுகளில் கலந்துவிடுவேன். நன்றிக் கடிதம் ஒன்றே ஒன்று, எல்லா வீட்டுக்கும். வந்த பொருளை வைத்து அந்த மாதம் என்ன செய்தோம் என்பதை அதில் எழுதுவேன். பட்டியலிலேயே பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். காசு செலவழிக்க முடியாதவர்களும் அப்போது தயங்காமல் தருவார்கள்.

"எழுதுபொருட்கள் தந்து உதவவும்"

இப்படிக் கேட்டால் கிரேயான் குவியும், போர்டில் எழுத மார்க்கர் இருக்காது. வெறும் "மார்க்கர்" என்று எழுதினாலும் ஆபத்துதான், பாதிப் பேர் பெர்மனென்ட் மார்க்கர் வாங்கி வந்துவிடுவார்கள். "ஒயிட்போர்டு மார்க்கர், கருப்பு, 4" என்று எழுதுங்கள். யாராவது தவறிப்போய் பெர்மனென்ட்டால் போர்டில் எழுதிவிட்டால், அந்தக் கோட்டின் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள். அதிலுள்ள கரைப்பான் பழைய மையையும் இளக்கிவிடும், பெரும்பாலும் போய்விடும்.

முழுப் பட்டியலையும் ஆண்டுத் தொடக்கத்தில் கேட்பது

கட்டணம், புத்தகம், சீருடை என்று பெற்றோருக்குச் செலவு குவியும் நேரம் அது. க்ளூ ஸ்டிக்கும் பென்சிலும் எப்படியும் நடுவில் தீர்ந்துவிடும். பாதியை அப்போது கேட்டால் போதும்.

பணமாக வாங்குவது

வேண்டாம். பொருளாக மட்டும்.

பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது

"நாளைக்கே கொண்டுவரணுமாம்" என்று வீட்டில் அழுகை நடக்கும். பெற்றோர் பெயருக்கே கடிதம் அனுப்புங்கள். "விருப்பம் இருந்தால் மட்டும்" என்ற வரி மேலேயே இருக்கட்டும், அடியில் சின்ன எழுத்தில் வேண்டாம்.

தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல் கேட்பது

முதலில் அனுமதி, அப்புறம்தான் பட்டியல். கேட்கப் போனால், நீங்கள் எழுதியதில் சில பொருட்கள் ஸ்டோர் ரூமிலேயே பிரிக்காமல் கிடப்பதும் தெரியவரலாம்.