எலும்புக்கூட்டுக்கும் ஒரு பேர் வேண்டும்: பிள்ளைகளோடு சாகச விளையாட்டு ஆடும்போது சறுக்கும் இடங்கள்

குகையின் மூன்றாவது அறையில் ஓர் எலும்புக்கூட்டைக் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். அதை அடித்து வீழ்த்தி, கழுத்தில் தொங்கும் சாவியை எடுத்தால் நான்காவது அறை திறக்கும். ஆறு வயதுச் சின்னவன் தன் வீரனைக் கொண்டுபோய் அதற்கு எதிரே வைத்துவிட்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டான். நான் பகடையை நீட்டினேன்.

"அடிக்கப் போறியா இல்லையா?"

"பேரு கேட்டேன்ப்பா."

"அதுக்குப் பேரெல்லாம் கிடையாதுடா."

முகம் தொங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு பகடையை உருட்டினான்தான், ஆனால் என்ன விழுந்தது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அட்டையில் கட்டம் போட்ட ஒரு குகை, விரல் உயரத்தில் வீரர்களும் பூதங்களும், இரண்டு பகடை, கதையை நடத்த வீட்டுப் பெரியவர் ஒருவர். விளையாட்டு இவ்வளவுதான். 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது. அதுவுமே பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததுதான். வீட்டில் நாமே செய்து ஆடும்போது விதியும் நம்முடையது, தவறும் நம்முடையது.

தவறுகளில் தலையாயது அன்றைக்கு நான் செய்ததுதான்: கதையை முன்கூட்டியே எழுதி முடித்துவிடுவது. இரவெல்லாம் உட்கார்ந்து முடிவு வரைக்கும் யோசித்து வைத்தால், பிள்ளைகள் அந்தத் தடத்தை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் நமக்கு எரிச்சல்தான் வரும். கதையை எழுதாதீர்கள், இடத்தையும் ஆட்களையும் மட்டும் தயார் செய்யுங்கள். அறையில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன வேண்டும்? இந்த இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி இருந்தால் போதும். 'நூறு வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறது. உட்கார ஒரு நாற்காலி வேண்டும்' என்று அந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் சின்னவன் கேள்விக்கு நான் திணறியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அப்படித்தான் செய்தேன். அவனும் அவன் அக்காவும் குகை முழுக்க நாற்காலி தேடினார்கள். நான் ஆசை ஆசையாகச் செய்துவைத்த சிலந்திக் கூட்டம் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய.

அடுத்தது விதிகளை அடுக்கிக்கொண்டே போவது. கவசத்துக்கு ஒரு கணக்கு, இருட்டுக்கு ஒரு கணக்கு, தூரத்துக்கு ஒரு கழித்தல். இது பெரியவர்களுக்கே வரும் வியாதி. பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய அரசின் ராணுவத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ஒரு போர் விளையாட்டு இருந்தது. ரைஸ்விட்ஸ் என்ற லெப்டினன்ட் 1824-ல் அதற்கு விதிநூல் போட்டார். பகடையும் அட்டவணையுமாக ஆட்டம் கனத்துப்போய், 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். ராணுவ அதிகாரிகளுக்கே தாங்காத அட்டவணையை எட்டு வயதுப் பிள்ளை தலையில் ஏன் கட்ட வேண்டும்? எங்கள் வீட்டில் விதி ஒன்றே ஒன்று: கஷ்டமான காரியம் எதுவானாலும் ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நடந்தது. வீரனுக்குக் கைவந்த வேலை என்றால் 3 போதும். மற்றதை நான் வாயால் தீர்த்துவிடுவேன்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். '5, 6 விழுந்தால்தான் அடி படும், பூதத்துக்கு 3 உயிர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால், மூன்று வீச்சுக்கு ஓர் அடி வீதம், ஒரே ஒரு பூதத்தைச் சாய்க்கச் சராசரியாக 9 வீச்சு வேண்டும். நடுவில் பூதமும் திருப்பி அடிக்கும். மூன்று பூதம் இருந்தால் 27 வீச்சு! அதற்குள் சின்னது மேஜைக்கு அடியில் போய் படுத்துவிடும். '6 விழுந்தால்தான் கதவு திறக்கும்' என்பது இன்னும் மோசம். நான்கு முறை உருட்டியும் ஒரு 6 கூட விழாமல் போக 48 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தன் முறைக்காகக் காத்திருந்து, இரண்டு கையாலும் குலுக்கி, ஊதி, உருட்டி, நான்கு தடவையும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று கேட்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு நீளமான நேரம்! 4 அல்லது அதற்கு மேல் என்றால் பாதிக்குப் பாதி. சாதாரணப் பூதங்களுக்கு ஓர் உயிர் போதும், கடைசி டிராகனுக்கு மட்டும் நான்கைந்து. பகடை தவறினாலும் ஏதாவது ஒன்று நடக்கட்டும்: கதவு திறக்கவில்லை, ஆனால் உள்ளே யாரோ தும்முகிற சத்தம் கேட்கிறது.

பகடையை மறைத்துப் போட்டு, பிள்ளைகளுக்குச் சாதகமாக எண்ணை மாற்றிச் சொல்லும் பழக்கமும் சிலருக்கு உண்டு. எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு எல்லா வெற்றியும் சப்பென்று ஆகிவிடும். மேஜை நடுவில் எல்லோர் கண் முன்னாலும் போடுங்கள். தோற்றால் என்ன ஆகும் என்பதை மட்டும் மென்மையாக வையுங்கள். எங்கள் வீட்டில் உயிர் தீர்ந்த வீரன் சாவதில்லை, பொம்மையைப் படுக்க வைத்துவிடுவோம். பக்கத்துக் கட்டத்துக்குக் கூட்டாளி வந்து கை கொடுத்தால் ஓர் உயிரோடு எழுந்துகொள்வான்.

அக்கா தம்பி சேர்ந்து ஆடினால் இன்னொரு தொல்லை வரும். பெரியவள் தன் முறையையும் ஆடி, தம்பி முறையையும் ஆடிவிடுவாள். "நீ அங்க போ, அவன அடி, சீக்கிரம்." அதட்டி அடக்கிப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். வேலைக்கு ஆனது வேறொன்று: சின்னவனின் வீரனுக்கு மட்டும் மிருகங்களின் பேச்சு புரியும். வௌவால் சொல்லும் ரகசியத்தை அவன் காதில்தான் ஓதுவேன், சொல்வதும் மறைப்பதும் அவன் இஷ்டம். அக்கா கெஞ்ச ஆரம்பித்தாள்.

பொம்மைகளைப் பற்றி இரண்டு சொல். கடையில் கிடைக்கும் மினியேச்சர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவு. அடியில் இருக்கும் வட்டம் சுமார் 25 மில்லிமீட்டர். அட்டையில் 2 சென்டிமீட்டர் கட்டம் போட்டுவிட்டு, பொம்மைகள் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளுவதைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். இரண்டரை சென்டிமீட்டர் போடுங்கள். அதைவிடப் பெரிய தவறு, வாரக்கணக்கில் வர்ணம் தீட்டி அழகாக்கிவிட்டு, 'பார்த்துத் தொடு' என்று சொல்வது. தொடப் பயப்படும் பொம்மையை வைத்து யாராலும் ஆட முடியாது. பிள்ளைகளே வரைந்து, வெட்டி, மடித்து நிறுத்திய காகித வீரன் கிழிந்தால் இன்னொன்று வரைந்துகொள்ளலாம். பாட்டில் மூடி பூதமாகும், பிளாஸ்டிக் டைனோசர் டிராகனாகும்.

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் பகடையையும் குட்டிப் பொம்மைகளையும் கைக்கு எட்டும் இடத்தில் விடாதீர்கள், தொண்டையில் சிக்கும். கத்தியோ கேடயமோ மாற்றி மாட்டப் பொம்மைக்குள் சின்னக் காந்தம் பதிப்பது பெரியவர்களிடையே வழக்கம். பிள்ளைகள் ஆடும் பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவையும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

நேரத்துக்கு வருவோம். முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள். டிராகனைக் கொன்றுவிட்டுத்தான் எழ வேண்டும் என்று நாம் அடம் பிடிப்பதுதான் பெரும்பாலும் அழுகையில் போய் முடியும். கதவு திறந்ததும், உள்ளே இருப்பது தெரிவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்திய கையோடு ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைக்க மறந்துவிடாதீர்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை உயிர் மிச்சம், முக்கியமாக, பிள்ளைகள் யாருக்கு என்ன பேர் வைத்தார்கள். எலும்புக்கூட்டுக்கு 'டொக்கு' என்று பேர் வைத்திருந்தான் சின்னவன். அடுத்த வாரம் நான் வாய் தவறி 'அந்த எலும்புக்கூடு' என்று சொன்னதும் இரண்டு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். டொக்குவிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பகடை மறுபடி உருண்டது.