ஒரே நெட்வொர்க் கார்டில் பல ஐபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் சர்வர் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, ஒரே நெட்வொர்க் கார்டுக்கு மூன்று ஐபி முகவரிகள் கொடுத்துவிட்டுப் பழையதை நீக்கப் போனார். எண்டர் தட்டுவதற்குள் நிறுத்திவிட்டேன். வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம். எண்ணை மாற்றி அடிப்பது போன்றவை உடனே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் முகவரியை நீக்குவது

கார்டில் 192.168.1.10/24 இருக்கிறது. அதே சப்நெட்டில் (ஒரே நெட்வொர்க்கின் முகவரி வரம்பில்) 192.168.1.11, 192.168.1.12 இரண்டையும் சேர்க்கிறோம். நமக்கு மூன்றும் சமம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்படியில்லை. முதலில் வந்தது பிரைமரி, மற்றவை அதைச் சார்ந்த செகண்டரி. பிரைமரியை நீக்கினால் மற்ற இரண்டும் கூடவே போய்விடலாம். பிழைச்செய்தி எதுவும் வராது.

அன்று நான் புது முகவரியைச் சேர்த்து, அதன் வழியாகவே எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் இணைப்பு) நுழைந்து, எல்லாம் சரி என்று பார்த்த பிறகுதான் பழையதை நீக்கினேன். திரை அப்படியே நின்றது. ஆள் போய் கன்சோலில் (சர்வரின் நேரடித் திரையும் கீபோர்டும்) உட்காரும்வரை இரண்டு மணி நேரம் சேவை இல்லை.

இன்றும் எரிச்சல் தருவது என்னவென்றால், சோதனை மெஷினில் இதையே செய்து பார்த்திருந்தேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. காரணம், ப்ரமோட் செகண்டரீஸ் என்ற கெர்னல் அமைப்பு. அது 1 என்று இருந்தால், பிரைமரி போனதும் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும். கெர்னலின் இயல்பு மதிப்பு 0. பல லினக்ஸ்களில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி தன்னுடன் கொண்டுவரும் கோப்பு அதை 1 ஆக்குகிறது. அதனால்தான் மெஷினுக்கு மெஷின் நடத்தை மாறுகிறது.

நீக்கும் முன் அந்த மதிப்பைப் பாருங்கள். முகவரிப் பட்டியலில் எந்த வரியில் செகண்டரி என்று இருக்கிறது என்பதையும் பாருங்கள். தொலைவிலிருந்து செய்வதானால், பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி முதலிலேயே வைத்துவிடுங்கள். நெட்வொர்க் அமைப்பைச் சேமித்து வைக்கும் கான்ஃபிக் கோப்பைத் தொடாதவரை பழைய முகவரி திரும்பி வரும். எல்லாம் சரியாக முடிந்தால் ரீபூட்டை ரத்து செய்யுங்கள்.

எந்த முகவரியில் வெளியே போகிறது?

புதிதாகச் சேர்த்த முகவரியிலிருந்து பாக்கெட் (தரவுத் துண்டு) கிளம்பும் என்று நம்பாதீர்கள். நிரலோ ரூட்டோ (பாக்கெட் போகும் வழியைச் சொல்லும் அமைப்பு) குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் வழக்கமாகப் பிரைமரி முகவரியில்தான் போகும். எதிர்முனை ஃபயர்வால் புதியதை மட்டும் அனுமதித்திருந்தால் இணைப்பு கிடைக்காது.

ரீபூட்டுக்குப் பின்

கமாண்டில் மட்டும் சேர்த்த முகவரி இருக்காது. கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள்.

பிங்கை நம்புவது

சேர்க்கப்போகும் முகவரியை வேறு மெஷின் வைத்திருக்கிறதா என்று பிங் போட்டுப் பார்ப்போம். பதில் வராததால் முகவரி காலி என்று ஆகாது, ஃபயர்வால் தடுத்திருக்கலாம். ஆர்ப்பிங் (அதே நெட்வொர்க்கில் ஏஆர்பி வழியாகக் கேட்கும் கருவி) போட்டுப் பாருங்கள். அப்புறம், அந்த எண் டிஎச்சிபி (மெஷின்களுக்குத் தானாக முகவரி தரும் சேவை) கொடுக்கும் வரம்புக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

இஃப்கான்ஃபிக்

முகவரிகளைக் காட்டும் பழைய கமாண்ட் இது. லேபிள் (eth0:1 போன்ற பெயர்) இல்லாமல் சேர்த்த கூடுதல் முகவரிகள் அதில் தெரியாது.