ஃபர்காட்டன் ரியல்ம்ஸில் ஆட்டம் நடத்துவது எப்படி: நிரம்பிவிட்ட உலகில் இடம் ஒதுக்கும் வழிகள்

ஒருவர் நடத்துநராகக் கதையை முன்வைக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடுவோரிடையே மிகப் பரவலாகப் புழங்கும் கற்பனை உலகம் ஃபர்காட்டன் ரியல்ம்ஸ். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறுவயதில் தம் கதைகளுக்காக உருவாக்கிய அந்த நிலத்தை, 1987இல் அந்த விளையாட்டின் பதிப்பாளரான டிஎஸ்ஆர் நிறுவனம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் நூல்களும் வரைபடங்களுமாக வெளியிட்டது. அதன் பிறகு வந்த நூல்களும் நாவல்களும் கணினி விளையாட்டுகளும் அந்த நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வரலாற்றையும் ஒரு நாயகனையும் சேர்த்துவிட்டன. இந்த உலகின் பெரிய குறை அதுதான்: உங்கள் ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடிக்க ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். நான் மிகவும் நேசிக்கும் உலகம் இது. அதனால்தான் இதில் புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே மனம் சோர்ந்துபோவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதல் வேலை, ஆண்டை முடிவு செய்வது. 1987 பெட்டி, அந்த உலகின் நாட்காட்டியான டேல் கணக்குப்படி 1357ஆம் ஆண்டோடு நிற்கிறது. மறு ஆண்டே கடவுளர் மண்ணில் இறங்கி, மந்திரத்தின் தேவதை மிஸ்ட்ரா இறந்து, அவள் இடத்தில் வேறொருத்தி அமர்கிறாள். 1385இல் அவளும் கொல்லப்பட, மந்திரக் கொள்ளைநோய் உலகையே புரட்டிப்போடுகிறது. 2008இல் வந்த ஆட்டவிதிகளின் நான்காம் பதிப்பு கதையை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னே தள்ளி, மாஸ்டிகா கண்டத்தையே இல்லாமல் ஆக்கியது. ஐந்தாம் பதிப்பு இவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. விதிகளின் பதிப்பு மாறும்போதெல்லாம் உலகம் அழிந்து பிறக்க வேண்டும் என்ற வழக்கத்தால் வந்த வினை இது. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் நடந்ததாக அச்சாகியிருக்கும் எதுவும் உங்கள் மேசையில் நடக்காது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் பரிந்துரை 1357. கடவுளர் இன்னும் இறங்கவில்லை. படிக்க வேண்டியதும் குறைவு.

அடுத்தது, பேராற்றல் கொண்டவர்களை என்ன செய்வது என்பது. இதில்தான் நானே அடிபட்டுக் கற்றேன். நான் முதன்முதலில் நடத்திய தொடர் ஷேடோடேல் என்னும் சிற்றூரில் தொடங்கியது. ஜென்டாரிம் என்னும் கொடிய கூட்டத்தின் படை வடக்கிலிருந்து வருகிறது என்ற செய்தியோடு காயம்பட்ட ஒரு குதிரைவீரன் விடுதி வாசலில் விழுகிறான். ஆட்டக்காரர்கள் பதறி எழுவார்கள் என்று காத்திருந்தேன். நாவல்களைக் கரைத்துக் குடித்திருந்த நண்பர் ஒருவர் பகடையை மேசையில் வைத்துவிட்டு, “எல்மின்ஸ்டர் வீடு இந்த ஊரில்தானே இருக்கிறது? அவரிடம் சொன்னால் போதாதா?” என்று கேட்டார். எல்மின்ஸ்டர் இந்த உலகின் பேராற்றல் கொண்ட கிழ மந்திரவாதி. அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சமாளித்தேன். அடுத்த வாரமும் அதே கேள்வி வந்தது. மூன்றாம் வாரம் யாரும் திட்டம் தீட்டவே இல்லை; கிழவர் எப்போது வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நண்பர் மேல் பிழை இல்லை. ஒரு பாத்திரத்தின் ஆற்றலை இந்த ஆட்டத்தில் நிலைகளால் அளப்பார்கள்; 2001இல் வந்த நூலில் எல்மின்ஸ்டரின் நிலைகளைக் கூட்டினால் முப்பத்தைந்து வருகிறது. முதல் நிலையில் இருக்கும் நான்கு பேர் உயிரைப் பணயம் வைக்க என்ன தேவை இருக்கிறது?

எனவே இத்தகையவர் ஏன் வரமாட்டார் என்பதற்கான காரணத்தைக் கேள்வி எழும் முன்பே ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது பின்பற்றும் காரணம் எளிமையானது: எல்மின்ஸ்டர் கோபுரத்தை விட்டு ஒரு மந்திரத்தோடு இறங்கினால், ஜென்டாரிமின் தலைமை மந்திரவாதி மன்ஷூனும் இறங்குவான், இருவரும் மோதினால் ஊர் மிஞ்சாது, ஆகவே இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்தபடி கட்டுண்டு கிடக்கிறார்கள். இதை நடத்துநர் விளக்கமாகச் சொல்லாமல், முதல் ஆட்டத்திலேயே கோபுர வாசலில் எல்மின்ஸ்டரின் எழுத்தர் லேயோவின் வாயால் சொல்ல வைத்தேன். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. மாறாக, கிழவர் அசையாதபடி பார்த்துக்கொள்வதே தங்கள் பொறுப்பு என்று ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் வெற்றிடம் தேடிப் போகலாம். தொடக்கத்தில் செம்பியா என்னும் வணிக நாட்டை நடத்துநர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதையும் நாவல்கள் நிரப்பிவிட்டன. அந்த முதல் வாக்குறுதியை நீங்கள் காப்பாற்றுங்கள். செம்பியாவின் ஒரு துறைமுகத்தையும் அதைச் சுற்றி இரண்டு நாள் நடைதூரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சில் வந்ததை மறந்து, ஐந்து குடும்பங்களையும் ஒரு பகையையும் நீங்களே எழுதினால் ஆறு மாத ஆட்டத்துக்குப் போதும்.

மந்திரத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மை பலர் கவனிக்காமல் விடும் குறை. ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, ஐந்தாம் நிலைப் பூசாரி ஒருவர் ஒரே மந்திரத்தில் பதினைந்து பேருக்கு ஒரு நாள் உணவும் நீரும் வரவழைக்க முடியும். அப்படியானால் பஞ்சம் எப்படி வருகிறது? கோவில் இருக்கும் ஊரில் பிச்சைக்காரர் ஏன் இருக்கிறார்? நூல்கள் இதற்குப் பதில் சொல்லாமல் இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஊர்களையே வரைகின்றன. நீங்கள் ஓர் எண்ணிக்கையை முடிவு செய்துகொள்ளுங்கள்: என் ஊர்களில் கோவில் பணியாளர்களில் பெரும்பாலோருக்கு மந்திரமே வராது, வரும் ஒருவரும் மந்திரங்களின் முதல் படியைத் தாண்டியிருக்க மாட்டார். இந்த ஒரு முடிவால் காயமும் பசியும் மீண்டும் பொருள் பெறுகின்றன.

தொலைநிலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரா-டுர் கிழக்காசியாவின் நகல். மாஸ்டிகா, ஐரோப்பியர் வருகைக்கால மெக்சிகோவின் நகல். ஸக்காரா அரபுக் கதைகளின் நகல். நம் மக்களையும் இப்படி வெளியிலிருந்து பார்த்து வரைந்திருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இவற்றை அப்படியே மேசைக்குக் கொண்டுவர மனம் வராது. அங்கே ஆட்டம் நடத்த விரும்பினால், பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நிலத்து மனிதர்களே எழுதிய வரலாற்றைப் படித்து எழுதுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அங்கே போகாமலிருப்பதே மேல்.

எந்தக் கடவுளையும் வணங்காதவரின் உயிர், இறந்தபின் ஒரு சுவரில் பதிக்கப்பட்டுக் கரையும் என்று இந்த உலகில் ஒரு விதி உண்டு. 2015இல் வந்த நூலிலும் இருந்த அந்தப் பகுதியைப் பின்னர் வந்த திருத்தத்தில் நீக்கினார்கள். உங்கள் ஆட்டத்திலும் நீக்கிவிடுங்கள். நம்பிக்கையில்லாத ஒரு பாத்திரத்தை ஆட விரும்புகிறவரிடம், அவர் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

கடைசியாக, “நாவலில் வேறு மாதிரி வருகிறதே” என்ற குரலுக்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். அந்த முதல் பெட்டியிலேயே பல செய்திகள் எல்மின்ஸ்டரின் குறிப்புகள் என்ற பெயரில்தான் தரப்பட்டிருக்கின்றன. அதாவது அவை ஒரு கிழவர் கேட்டதும் கருதியதும். ஆகவே நான் மறுப்பதில்லை. “உன் பாத்திரத்துக்கு இதை யார் சொன்னது?” என்று கேட்கிறேன். நண்பர் சற்று யோசித்து, சந்தையில் ஓர் உப்பு வியாபாரி சொன்னதாகச் சொல்வார். அந்த வியாபாரிக்கு ஒரு பெயர் வைத்து, அவர் எந்த ஊர், ஏன் பொய் சொல்லியிருக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த வார ஆட்டம் பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்கும்.