ட்ரிஸ் பஃபர் தயாரிப்பு: சூடு ஆறிய பிறகே பி.எச். பாருங்கள்

1 மோலார் ட்ரிஸ் பஃபர் (பி.எச்., அதாவது அமில-கார அளவு, எளிதில் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பி.எச். 8.0, ஒரு லிட்டர். மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் வேலை இதுதான்.

ட்ரிஸ் பேஸ் 121.1 கிராம் எடுத்து, 800 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, மேக்னெட்டிக் ஸ்டிர்ரரில் கரைய விடுங்கள். ஒரு லிட்டருக்கு நிரப்பிவிட்டு பி.எச். பார்க்கக் கூடாது, அமிலம் ஊற்ற இடம் வேண்டும். கரையும்போது பீக்கரைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். ட்ரிஸ் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும், அதனால்தான்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். சீக்கிரம் கரையட்டும் என்று ஸ்டிர்ரரில் ஹீட்டரையும் போட்டேன். கரைசல் 40 டிகிரிக்குப் போயிருந்தது. அப்படியே அமிலம் ஊற்றி, மீட்டர் 8.0 காட்டியதும் பாட்டிலில் நிரப்பினேன். மறுநாள் அளந்தால் 8.4! எலெக்ட்ரோடு கெட்டுவிட்டது என்று நினைத்து, மாற்றி மாற்றி கேலிபரேட் செய்ததில் (பி.எச். தெரிந்த கரைசல்களில் மீட்டரைச் சரிபார்ப்பது) ஒரு நாள் போனது. மீட்டர் முதல் நாளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, மறுநாளும் சரியாகத்தான் சொன்னது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ட்ரிஸ்ஸின் பி.எச். சுமார் 0.03 இறங்கும். 15 டிகிரி ஆறியதும் அது ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

எனவே ஹீட்டர் வேண்டாம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மொத்தம் சுமார் 42 மி.லி. பிடிக்கும். ஃப்யூம் ஹூடுக்குள் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு), கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முதலில் 35 மி.லி. ஊற்றுங்கள். அமிலமும் சூட்டைக் கிளப்பும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவிட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 8.0 வந்ததும் அளவு ஜாடிக்கு மாற்றி, பீக்கரைக் கொஞ்சம் நீரில் அலசி அதையும் சேர்த்து, ஒரு லிட்டருக்கு நிரப்பி ஆட்டோகிளேவ் செய்யுங்கள் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது). எத்தனை டிகிரியில் அளந்தீர்கள் என்பதையும் லேபிளில் எழுதுங்கள். நான் இதில் பிடிவாதம்.

மீட்டரை பி.எச். 4, 7 பஃபர்களில் கேலிபரேட் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே 8.0 வேண்டும், ஆகவே 7, 10. எலெக்ட்ரோடு வாங்குவதாக இருந்தால் இரட்டைச் சந்தி (டபுள் ஜங்ஷன்) கொண்டதையே வாங்குங்கள். பழைய வகைகள் சில ட்ரிஸ்ஸில் தடுமாறும்.

பின்சேர்க்கை: “என் மீட்டரில் ஏ.டி.சி. (தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தல்) இருக்கிறதே, சூடாக அளந்தால் என்ன?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏ.டி.சி. எலெக்ட்ரோடின் மின்னழுத்தக் கணக்கை மட்டுமே சரிசெய்யும். கரைசலின் பி.எச். நிஜமாகவே மாறியிருப்பதை அது திருத்தாது.

இன்னொருவர், அமிலம் கூடிவிட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுத் திருப்பலாமா என்றார். பி.எச். திரும்பும், கூடவே உப்பும் சேரும். புரத வேலைக்கு என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

கோல்ட் ரூமில் வேலை செய்பவர்களுக்கு: 25 டிகிரியில் 8.0 ஆக இருக்கும் ட்ரிஸ், 4 டிகிரியில் ஏறக்குறைய 8.6. அங்கே வைத்தே பி.எச். சரிசெய்யுங்கள், அல்லது ஹெப்பிஸுக்கு மாறுங்கள். 1966-இல் நார்மன் குட் குழுவினர் வெளியிட்ட பஃபர்களில் ஒன்று அது. டிகிரிக்கு மாற்றம் 0.014 அளவுதான். பாஸ்பேட் இன்னும் அசையாது, ஆனால் கால்சியம் சேர்த்தால் வீழ்படிவு இறங்கும்.