செக்கிங் எங்கே என்று கேட்காதீர்கள்: பயணிகள் தகவல் செயலியில் டிக்கெட் சிக்கலைக் கையாளும் முறை

பயணிகளே தகவல் தரும் போக்குவரத்துச் செயலி ஒன்றைத் தொடங்கினால் வெகு சீக்கிரம் ஒரு கோரிக்கை வரும்: "எந்த ஸ்டேஷனில் செக்கிங் நடக்கிறது என்று போட ஒரு பட்டன் வையுங்கள்." வைக்காவிட்டாலும் "கூட்டம் அதிகம்" என்ற பதிவின் கீழே யாராவது அதை எழுதிவிடுவார்கள். அதனால் செயலியை வெளியிடுவதற்கு முன்பே இதில் ஒரு முடிவு வேண்டும். செயலி கட்டுகிறவர்களுக்கும், அதன் தரவை வைத்து டிக்கெட் இல்லாப் பயணத்தைக் குறைக்க நினைக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

அந்தப் பட்டன் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. நீதி, நியாயத்தை ஒதுக்கிவைத்துத் தரவாக மட்டும் பார்த்தாலும் அது தேறாது. பரிசோதகர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் தடத்தில், ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பதிவு வேறொரு வண்டியைப் பற்றியது. சீருடை போட்ட பராமரிப்பு ஊழியரையும் காவலாளியையும் பார்த்துவிட்டு "செக்கிங்" என்று அழுத்துகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, "இங்கே செக்கிங் இல்லை" என்று யாரும் பதிவதில்லை என்பது. பதிவு இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று நம்பி வித்தவுட்டில் ஏறுகிறவர் மாட்டிக்கொள்வார். பழி செயலிக்கு வரும்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் கணக்கில் சேரும். கூகுளுக்குச் சொந்தமான, வாகன ஓட்டிகளுக்கான வேஸ் செயலியில் குடிபோதைச் சோதனைச் சாவடிகள் காட்டப்படுவதை நிறுத்தும்படி நியூயார்க் காவல்துறை 2019இல் கூகுளுக்குக் கடிதம் எழுதியது. காவல்துறை தானே அறிவிக்காத அத்தகைய சாவடிகளைக் காட்டும் செயலிகளை ஆப்பிள் 2011 முதலே ஏற்பதில்லை. போலீஸ் இருப்பிடத்தைக் காட்டிய ஹாங்காங் வரைபடச் செயலியை அது 2019 அக்டோபரில் தன் செயலிக் கடையிலிருந்து எடுத்தது. டிக்கெட் பரிசோதனை வேறு விஷயம்தான். பெர்லினில் அதற்கென்றே ஃப்ரைஃபாரன் என்றொரு செயலி இயங்குகிறது. ஆனாலும் கடை விதி எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு பட்டனுக்காக மொத்தச் செயலியையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பதிலாக எதைக் கேட்பது

டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவர்கள் எல்லோரும் ஏய்ப்பவர்கள் அல்லர். இயந்திரம் நோட்டை விழுங்கியிருக்கும், வாலிடேட்டர் (டிக்கெட்டைச் சரிபார்க்கும் கருவி) அட்டையைப் படித்திருக்காது, மொபைல் டிக்கெட்டை வாங்கிவிட்டு ஆக்டிவேட் செய்ய மறந்திருப்பார், கட்டண எல்லை ஒரு நிறுத்தம் முன்பே முடிந்தது தெரிந்திருக்காது. இவை பரிசோதகரின் குறிப்பேட்டில் ஒரே தலைப்பில் விழுகின்றன. பயணிகளின் கண் நன்றாகப் பிடிப்பது இந்த இடங்களைத்தான். ஆகவே ஐந்து பட்டன்கள் போதும்:

• டிக்கெட் இயந்திரம் ஓடவில்லை (பணம் ஏற்கவில்லை / கார்டு ஏற்கவில்லை / திரை இருட்டு என்று மூன்று உட்பிரிவு)
• வாலிடேட்டரோ கேட்டோ படிக்கவில்லை
• மொபைல் டிக்கெட் திறக்கவில்லை
• கவுன்ட்டர் மூடியிருக்கிறது
• கேட் திறந்தே கிடக்கிறது

ஐந்தாவதைச் சேர்க்கலாமா என்று தயங்குவோர் உண்டு. சேருங்கள், ஆனால் பொதுத் திரையில் காட்டாதீர்கள். நிறுவனத்துக்கு மட்டும் போகட்டும். மற்ற நான்கையும் எல்லோருக்கும் காட்டலாம். "இந்த வாசலில் இயந்திரம் பழுது, அடுத்த வாசலில் ஓடுகிறது" என்ற ஒரு வரி, கடைசி நிமிடத்தில் ஓடிவருகிறவரை டிக்கெட்டோடு ஏற்றிவிடும்.

ஒரு பட்டனை மட்டும் எந்த நிலையிலும் வைக்காதீர்கள்: "டிக்கெட் இல்லாதவரைப் பார்த்தேன்." மாதப் பாஸ் வைத்திருப்பவர், இலவசப் பயண உரிமை உள்ளவர், முந்தைய வண்டியிலிருந்து மாறி வந்தவர் எல்லோரும் வெளியே பார்க்க வித்தவுட் மாதிரியே இருப்பார்கள். பார்ப்பவர் யூகிப்பது உடையையும் தோற்றத்தையும் வைத்துத்தான். கூடவே போட்டோ போட அனுமதித்தால் அது ஆளைத் துரத்தும் கருவியாகிவிடும். குறிப்புப் பெட்டியில் போட்டோ இணைப்பையே முடக்கிவிடுங்கள்; இயந்திரப் பழுதுக்கு உட்பிரிவே போதும், படம் தேவையில்லை.

பதிவின் உள்ளமைப்பு

ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டியவை: நிறுத்த எண், வாசல் அல்லது பெட்டி எண் தெரிந்தால் அது, வகை, பார்த்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இந்த இரண்டு நேரங்களையும் தனித்தனியே வையுங்கள். சுரங்கப் பாதையில் சிக்னல் இல்லாதபோது அழுத்திய பதிவு மேலே வந்ததும் மொத்தமாகப் போய்ச் சேரும். வந்த நேரத்தை மட்டும் வைத்தால், எப்போதோ சரியான இயந்திரம் மீண்டும் பழுதானதாகத் தெரியும். போனின் கடிகாரம் தவறாக இருக்கலாம் என்பதால், பார்த்த நேரம் வந்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அதை ஏற்காமல் வந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பி உட்கார வேண்டாம். நிலத்தடியில் அது கிடைக்காது; உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டும். அருகிலுள்ள மூன்று நிறுத்தங்களைப் பட்டியலிட்டு, பயணியையே தேர்ந்தெடுக்க விடுவது மேல். நிறுத்தப் பட்டியலை நிறுவனம் வெளியிடும் ஜிடிஎஃப்எஸ் கோப்பிலிருந்து (நிறுத்தங்களையும் கால அட்டவணையையும் தரும் பொது வடிவம்) எடுங்கள். 2005இல் போர்ட்லாந்தின் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய இந்த வடிவம்தான் இன்று ஏறக்குறைய எல்லாப் பயணச் செயலிகளுக்கும் அடிப்படை. இதில் ஒரு பொறி இருக்கிறது: கால அட்டவணை மாறும்போது சில நிறுவனங்கள் நிறுத்த எண்களையும் மாற்றிவிடும். பழைய பதிவுகள் அநாதையாகிவிடும். புதுக் கோப்பு வரும்போதெல்லாம் பழைய எண்ணோடு பெயரையும் 100 மீட்டர் தூரத்தையும் ஒப்பிட்டு ஓர் இணைப்பு அட்டவணை உருவாக்குங்கள்; பொருந்தாதவற்றை மட்டும் கையால் பாருங்கள்.

பதிவின் ஆயுள் வகைக்கு வகை மாறும். கூட்ட நிலவரம் 10 நிமிடத்தில் செத்துவிடும். வாலிடேட்டர் பழுதுக்கு வண்டி அன்றைய ஓட்டம் முடிக்கும்வரை ஆயுள் கொடுக்கலாம். டிக்கெட் இயந்திரத்துக்கு 24 மணி நேரம். நடுவில் "இப்போது ஓடுகிறது" என்று ஒருவர் சொன்னாலே பாதியாகக் குறையுங்கள், இரண்டு பேர் சொன்னால் எடுத்துவிடுங்கள். பழுதைப் பதிவோர் கிடைப்பார்கள், சரியானதைப் பதிவோர் அரிது. அதனால் அந்த நிறுத்தத்துக்கு வருபவரிடம் செயலியே ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும்: இயந்திரம் ஓடுகிறதா? ஆம், இல்லை. அதற்குமேல் கேட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்.

பொய்ப் பதிவு

2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சிறு வண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துப் போனார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு நெரிசலால் சிவந்தது. அத்தனை பெரிய சேவையே ஏமாறும்போது உங்கள் சிறு செயலியை ஏமாற்ற ஐந்து போன் போதும்.

எளிய காப்பு, பயனருக்கு நம்பக மதிப்பு வைப்பது. இதுவரை உறுதியான பதிவுகளோடு 1 கூட்டி, மொத்தப் பதிவுகளோடு 2 கூட்டி வகுங்கள். புதியவருக்கு 1/2, அதாவது 0.5. பத்துப் பதிவில் எட்டு சரியானவருக்கு 9/12, அதாவது 0.75. ஒரே பழுதைச் சொல்பவர்களின் மதிப்புகளைக் கூட்டி 1.2ஐத் தாண்டினால் பொதுத் திரையில் காட்டலாம். இப்படிச் செய்தால் மூன்று புதியவர்களோ இரண்டு பழையவர்களோ தேவைப்படுவார்கள். பயணிகள் குறைந்த தடத்தில் இந்த வரம்பு எட்டவே எட்டாது, அங்கே 0.7ஆக இறக்கி, "ஒருவர் சொன்னது" என்று குறிப்போடு காட்டுங்கள். ஒரே வைஃபை முகவரியிலிருந்து ஒரே நிமிடத்தில் வரும் பதிவுகளை ஒன்றாக எண்ணுவதா என்றால், நடைமேடையின் பொது வைஃபையில் எல்லோருக்கும் முகவரி ஒன்றுதான் என்பதை மறக்காதீர்கள்.

பதிவுக்குப் புள்ளி, பரிசு கொடுக்கும் யோசனை நல்லதாகத் தோன்றும். கொடுத்தால் ஓடுகிற இயந்திரமும் பழுதாகும். பரிசு வேண்டுமென்றால் உறுதியான பதிவுக்கு மட்டும் கொடுங்கள். அதையும் இரண்டு நாள் தாமதித்துக் கொடுங்கள்.

அந்தரங்கம்

தனித்தனிப் பயணத் தடத்தைச் சேமிக்காதீர்கள். 15 லட்சம் பேரின் கைபேசித் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, நேரமும் இடமும் சேர்ந்த நான்கே புள்ளிகளால் 95 சதவீதத்தினரைத் தனியே பிரித்தறிய முடியும் என்றது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது காப்பாகாது. பதிவோடு பயனர் எண்ணை இணைக்கும் சாவியைப் பதிவின் ஆயுள் முடிந்ததும் அழியுங்கள். நம்பக மதிப்பு என்ற எண் மட்டும் கணக்கில் மிஞ்சட்டும். நிறுவனத்துக்குத் தரும் தரவில் நேரத்தை 15 நிமிடக் கட்டங்களாகவும், ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் குறைவான பதிவு இருந்தால் எண்ணைச் சொல்லாமலும் கொடுங்கள். இது பயணத் தரவுக்கான விதி. இயந்திரப் பழுது ஆளைப் பற்றியது அல்ல என்பதால் அதை உடனுக்குடன் அனுப்பலாம்.

நிறுவனத்தின் பக்கம்

வரும் எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் சிவப்பாக்குவது எல்லோரும் செய்யும் பிழை. ஒரு நிறுத்தத்தில் 40 பதிவு, இன்னொன்றில் 12 என்றால் முதலாவதுதான் மோசம் என்று தோன்றும். முதலாவதில் செயலியைத் திறந்தவர்கள் 4,000 பேர், இரண்டாவதில் 300 பேர் என்றால் கணக்கு 1 சதவீதம், 4 சதவீதம். பழுது பார்க்கும் ஆளை இரண்டாவது இடத்துக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும். போன் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்கள் ஏறும் நிறுத்தங்கள் இந்தக் கணக்கிலும் தப்பிவிடும். அவற்றுக்கு மாதம் ஒருமுறை ஆள் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மொபைல் டிக்கெட்டில்தான் உண்மையான ஏய்ப்பு நுணுக்கமாக நடக்கிறது. முதல் வகை ஸ்கிரீன்ஷாட்டை நண்பர்களுக்கு அனுப்புவது. கியூஆர் குறி 30 நொடிக்கு ஒருமுறை மாறும்படி செய்தால் இது நிற்கும். ஆனால் இணைப்பில்லாத வாலிடேட்டரின் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே உண்மையான டிக்கெட்டும் சிவப்பு விளக்கு வாங்கும். முந்தைய, அடுத்த குறிகளையும் ஏற்கும்படி அமைத்து, டெப்போவுக்குத் திரும்பும் ஒவ்வொரு இரவும் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது வகை, பரிசோதகர் தலை தெரிந்ததும் டிக்கெட் வாங்குவது. இதற்கு ஆக்டிவேட் செய்து இரண்டு நிமிடம் கழித்தே டிக்கெட் செல்லும் என்று வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் ஓடிவந்து ஏறி உடனே அழுத்தியவரும் மாட்டுவார். தாமதத்தை வைப்பதைவிட, ஆக்டிவேட் ஆன நேரத்தைப் பரிசோதகரின் கருவியில் பெரிய எழுத்தில் காட்டுவது நல்லது. வண்டி கடைசியாக நின்ற நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியது எப்போது என்பது அவருக்குத் தெரியும்; முடிவை அவர் எடுக்கட்டும்.

செக்கிங் தகவல் வேறு செயலிகளிலும் குழுக்களிலும் பரவத்தான் செய்யும். அதை அடக்க முயல்வது வீண். கட்டணத்தைப் போல 40 மடங்கு அபராதம் என்றால், நாற்பது பயணத்தில் ஒருமுறை, அதாவது 2.5 சதவீத வாய்ப்பில் பிடிபட்டால் ஏய்ப்பவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. செக்கிங் எங்கே என்று முன்பே தெரிந்தால் அந்த வாய்ப்பு விழுகிறது. அபராதத்தை ஏற்றுவது பெரும்பாலும் வசூலாகாத அபராதத்தைத்தான் கூட்டும். ஸ்டாக்ஹோமில் 2001இல் தோன்றிய பிளாங்கா.நு அமைப்பு, உறுப்பினர்களிடம் மாதச் சந்தா வாங்கி அவர்களின் அபராதத்தைக் கட்டிவிடும் நிதியையே நடத்திக்காட்டியது. பலன் தருவது யூகிக்க முடியாமை. லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோவுக்காக கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயின் ஆய்வுக் குழு 2012இல் வெளியிட்ட முறை, பரிசோதனை ரோந்து அட்டவணையை விளையாட்டுக் கோட்பாட்டின்படி (எதிராளி எப்படி நடப்பார் என்று கணித்து முடிவெடுக்கும் கணிதம்) குலுக்கிப்போடுவது. அவ்வளவு கணிதம் வேண்டாம் என்றால், ஓரிடத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் நிற்காமல், அடுத்து எங்கே என்பதைக் கருவியே கடைசி நேரத்தில் சொல்லும்படி செய்யுங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் சாப்பாட்டு இடைவேளையையும் குழுவுக்குக் குழு மாற்றிவையுங்கள். பயணிகள் முதலில் கண்டுபிடிப்பது அந்த இடைவெளியைத்தான்.

ஏய்ப்பு அளவை அறிய, பிடிபட்டோர் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதகர் சந்தேகப்படும் தடத்துக்கே போவதால் அது எப்போதும் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். அபராதம் போடாத தனிக் கணக்கெடுப்பு வேண்டும். வண்டிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தேர்ந்த பெட்டியில் இருக்கும் எல்லோரையும் பார்க்க வேண்டும். 5 சதவீத அளவை 1 சதவீதம் முன்பின்னாக, 95 சதவீத உறுதியோடு சொல்ல ஏறத்தாழ 1,825 பேர் தேவை. ஆனால் ஒரே பெட்டிப் பயணிகள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். பெட்டிக்கு 20 பேர், ஒப்புமை (ஒரே பெட்டியினர் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்று கொண்டால் தேவை 1 + 19 × 0.05, அதாவது 1.95 மடங்காகி 3,560க்கு அருகில் போகும். நேரம் குறைவாக இருந்தால் ஒரே பெட்டியில் 40 பேரைப் பார்ப்பதைவிட நான்கு பெட்டியில் பத்துப் பத்துப் பேரைப் பாருங்கள். அப்போதும் பத்துப் பேரைக் கணக்கெடுப்பவர் தன் விருப்பத்துக்குப் பொறுக்காமல், கதவை ஒட்டிய இருக்கையிலிருந்து வரிசையாக எடுக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வாங்க முயன்றீர்களா, எங்கே தடைப்பட்டது? அந்த விடைகளைச் செயலியின் பழுதுப் பதிவுகளோடு நிறுத்தவாரியாக ஒப்பிட்டால், ஆளை அனுப்ப வேண்டிய இடம் எது, மெக்கானிக்கை அனுப்ப வேண்டிய இடம் எது என்று பிரித்துவிடலாம்.