பால் சுரக்க விதைத் தேநீர்: எங்கே தவறு நடக்கிறது?

பால் போதவில்லை என்ற சந்தேகம் வந்ததும் வெந்தயமோ சோம்போ அடுப்பில் ஏறிவிடுகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியது குழந்தையின் நாப்கினை. பிறந்து ஐந்து நாள் கடந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா? 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடையை எட்டி, பிறகும் எடை ஏறுகிறதா? அப்படியானால் பால் போதுமானது, தேநீருக்கு வேலையே இல்லை. சில வாரங்களில் மார்பு கனம் குறைந்து தளர்வதும், சாயங்காலங்களில் குழந்தை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருப்பதும் பால் வற்றியதற்கு அடையாளம் அல்ல.

உண்மையிலேயே குறைவு என்றாலும், தேநீரை மட்டும் நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மார்பில் தங்கிய பாலே அடுத்த சுரப்பை மட்டுப்படுத்தும். காலியாகக் காலியாகத்தான் ஊறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும், குழந்தை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்க வேண்டும். மூன்று வேளை தேநீர் குடித்துவிட்டு, இரவில் பாலைப் பீய்ச்சி எடுக்காமலே இரண்டு வேளை புட்டிப்பால் கொடுத்தால் சுரப்பு குறையத்தான் செய்யும். மூலிகைகளின் பலனுக்கான சான்றும் வலுவானதல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இவற்றால் பால் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே முடிக்கிறது.

இனி தயாரிப்பு. சோம்பின் மணமும் குணமும் அதன் எண்ணெயில் இருக்கின்றன. அந்த எண்ணெய் விதைத் தோலுக்கு அடியில் நுண்ணிய குழல்களில் அடைபட்டிருக்கிறது. முழு விதையை வெந்நீரில் போட்டால் குழல் உடையாது. நிறம் இறங்கும், சாரம் இறங்காது. பொடித்து டப்பாவில் வைத்தால் எண்ணெய் காற்றோடு போய்விடும். ஆகவே குடிக்கும் நேரத்தில் ஒரு டீஸ்பூன் (சுமார் 2 கிராம்) சோம்பை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கி, 250 மில்லி கொதித்த நீரை ஊற்றி, உடனே மூடி 10–15 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் வீடு மணக்கும். மணந்தது அத்தனையும் கோப்பையிலிருந்து போனதுதான்.

வெந்தயத்துக்கு இதே முறை சரிப்படாது. அதன் சத்துகள் ஆவியாகிற வகை அல்ல, ஆனால் பிசின் அதிகம். பொடித்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் கொழகொழத்துக் கசக்கும். முழு விதையை ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் வைத்து வடித்தாலே போதும். அளவிலும் கவனம் வேண்டும்: ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஏறத்தாழ 4 கிராம், அதே கரண்டி சோம்பைப்போல் இரு மடங்கு. அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். வயிற்றுப்போக்கு, உப்புசம், குழந்தைக்கு வயிறு சரியில்லாமல் போவது எல்லாம் பெரும்பாலும் அளவு மீறும்போது வருபவை.

வெந்தயம் சமையல் பொருள்தானே என்று எல்லாரும் குடித்துவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமை மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். மறுபடி கருவுற்றிருந்தால் நிறுத்திவிட வேண்டும். வெந்தயம் குடித்தால் தாயின் வியர்வையிலும் குழந்தையின் சிறுநீரிலும் சர்க்கரைப் பாகு வாசனை வரும். அரிய வளர்சிதை மாற்றக் குறைபாடு ஒன்றிலும் இதே வாசனை உண்டு. குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போது வெந்தயம் குடிப்பதைச் சொல்லாவிட்டால் வீண் பரிசோதனையில் முடியலாம்.

பெயரில் சோம்பு இருப்பதால் அன்னாசிப்பூவை, அதாவது நட்சத்திரச் சோம்பை, மாற்றாகப் போடுவது ஆபத்து. அதைப் போலவே தோற்றமுள்ள ஜப்பானிய இனம் நரம்பைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. நட்சத்திரச் சோம்புத் தேநீர் கொடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்ததால் 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பாக்கெட் கலவை வாங்கினால் பொருள்பட்டியலை முழுதாகப் படியுங்கள். அதிமதுரம் இருந்தால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

‘மூலிகைதானே’ என்று தண்ணீருக்குப் பதிலாக இதையே குடிப்பதும் நடக்கிறது. அதிமதுரம், சோம்பு கலந்த மூலிகைத் தேநீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த தாய்மார் இருவரின் குழந்தைகள் சோர்ந்து, வாந்தியெடுத்து, பால் குடிக்காமல் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேநீரை நிறுத்தியதும் தேறினார்கள். ஐரோப்பிய மருந்து முகமை, போதிய தரவு இல்லாததால் பாலூட்டும் காலத்தில் சோம்பை மருந்தாக எடுக்கப் பரிந்துரைப்பதே இல்லை. குடிப்பதானால் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சின்ன வயிற்றில் தேநீர் நிறைந்தால் அந்த இடத்தில் பால் இறங்காது.

ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் விதையை மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, தைராய்டு குறைவு, குழந்தையின் நாக்கு ஒட்டு போன்றவற்றை மருத்துவர்தான் கண்டுபிடிக்க முடியும். குழந்தையின் எடை ஏறாவிட்டாலோ நாப்கின் நனைவது குறைந்தாலோ அந்த ஒரு வாரமும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.