நடிகர்களுக்கு ழகரம் பழக்கும் முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நாடகம் பழக வருபவர்களில் பலர் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பார்கள்; சிலர் ‘வாயப்பயம்’. இரண்டையும் ஒரே வழியில் திருத்த முடியாது. முதலில் ஐந்து நிமிடம் இயல்பாகப் பேசவிட்டு, எது வருகிறது என்று கேளுங்கள்.

ளகரம் சொல்பவருக்கு நாக்கு மேலே போய் ஒட்டிவிடுகிறது. ‘அ’வை நீட்டச் சொல்லி, அதை நிறுத்தாமலே நாக்கு நுனியை மெல்ல மேல்நோக்கிப் பின்னால் வளைக்கச் சொல்லுங்கள். அண்ணத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களில் படலாம், நுனி படக்கூடாது. உதடு குவிந்தால் ஆங்கில ‘ர்’ போலாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

தொட்டதா இல்லையா என்று அவரே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாக்கை அதே நிலையில் வைத்து, ஒலியெழுப்பாமல் வாயால் மூச்சை உள்ளே இழுக்கட்டும். குளிர்ச்சி நாக்கின் நடுவே தெரிந்தால் ழ. இரு பக்கமும் தெரிந்தால் ள. காதை ஏமாற்றலாம், இந்தக் குளிர்ச்சியை ஏமாற்ற முடியாது.

யகரம் சொல்பவருக்கு நாக்கு நுனி கீழ்ப்பல் அருகிலேயே கிடக்கும். கண்ணாடி முன் நிறுத்தி, ஒரு விரல் நுழையுமளவு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாக்கின் அடிப்பக்கம் தெரிந்தால்தான் நுனி எழுந்திருக்கிறது.

வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த கிழவன் பற்றிய நாப்பயிற்சித் தொடரை முதல் நாளே கொடுக்காதீர்கள். நாக்குக்கு இடம் பழகுமுன் வேகம் வந்தால் பழைய ஒலிதான் வரும். அழை, விழி, தழை முதலில். பிறகு தமிழ், யாழ். வாழ்க்கை, வீழ்ந்தான் கடைசியில். பின்னால் வரும் மெய் நாக்கை இழுத்துவிடுவதால் அங்கேதான் ழ் விழுங்கப்படும். தினம் 10 நிமிடம் போதும். பிறகு அலை, அளை, அழை மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லட்டும். நீங்கள் முதுகைக் காட்டி நின்று, கேட்டதை எழுதுங்கள். பத்துக்கு ஒன்பது பொருந்தினால் வசனத்துக்குப் போகலாம்.

திறந்தவெளியில் குரலை உயர்த்தும்போது நாக்கு இறுகி மறுபடி ஒட்டும். அதனால் அறையில் சரியாக வந்ததை 20 அடி தள்ளி நின்றும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் இது வேண்டியதில்லை. தெருக்கூத்தில் அரசன் செந்தமிழில் பேசுவான், கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஊர்ப் பேச்சில் பேசுவான். கட்டியங்காரன் வாயில் திருத்திய ழகரம் வந்தால் அந்த ஆளே காணாமல் போய்விடுவான். மீனவப் பெண்ணாக நடிப்பவரைக் கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்தில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரே நடிகருக்கு இரண்டு வேடமிருந்தால், வசனத்தாளில் ழகரம் தெளிவாக ஒலிக்க வேண்டிய சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.